பதினெட்டு வயதுக்குப் பிறகு: மலைத் தோட்டங்களிலிருந்து ஒரு சிறு சரித்திரம்

மலர்க் குழுவிலிருந்து சீனியர் அண்ணன் ஒருவர் போன் செய்தார். "கல்லூரி நினைவுகள்னு நிறைய வந்திருச்சுப்பா. பாதிக்கு மேல ஹாஸ்டல் உப்புமாவும், முதல் பீரியட் பனிமூட்டமும்தான். நீ ஏதாவது சரித்திரம் எழுதிக் கொடு" என்றார். நான் பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிற மெக்கானிக்கல் இன்ஜினியர். ராஜா ராணி சரித்திரம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு விஷயத்தின் சரித்திரத்தை மட்டும் கடந்த பத்துப் பதினைந்து வருடமாகத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். அது என் வீட்டு விஷயமும்கூட. எனவே பெருமை பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

2009-ஆம் ஆண்டு மே மாதம். நான் கடைசி செமஸ்டர் எழுதி முடித்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு குன்னூர் பக்கத்திலுள்ள எங்கள் எஸ்டேட் லைன் வீட்டுக்குப் போனேன். வாசலில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவனுடைய ஸ்கூல் பை. அவனுக்கும் அந்த மாதம்தான் "படிப்பு முடிந்தது". மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான ஒரு சிறப்புப் பள்ளியில் ஒன்பது வருடம் படித்தவன் அவன். (பள்ளியின் பெயர் வேண்டாம், அங்கே இருந்த டீச்சர்கள் தங்கமானவர்கள்.) 18 வயது முடிந்ததால் இனிமேல் அனுப்ப வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பட்டம், அவனுக்கு ஒரு குரூப் போட்டோ. மறுநாள் காலையில் வழக்கம்போல் ஆறு மணிக்கு எழுந்து, யூனிபாரம் போட்டு, வேன் வரும் வளைவில் போய் நின்றான். வேன் வந்தது, நிற்காமல் போய்விட்டது. இப்படி எத்தனை நாள் நின்றான் என்று அம்மா இன்று வரை எனக்குச் சரியாகச் சொன்னதில்லை.

பள்ளி முடிந்த பிறகு இப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கே போவார்கள்? இந்தக் கேள்விக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் குடும்பம் சிலோனிலிருந்து வந்தது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அதில் தாத்தா, பாட்டி, சிறுவனாக இருந்த அப்பா எல்லாரும் அடக்கம். அப்படி வந்தவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டங்கள் போட்டதும், அது பின்னால் டான்டீ ஆனதும் நம் மலை மாணவர்களுக்குத் தெரிந்த கதைதான். தாத்தா அங்கே போகாமல் ஒரு தனியார் எஸ்டேட்டில் சேர்ந்தார். எங்கே சேர்ந்தாலும் வாழ்க்கை ஒன்றுதான். காலையில் சங்கு ஊதும், கொழுந்து எடுக்கப் போக வேண்டும், சாயங்காலம் எடை போட்டுவிட்டு வர வேண்டும். செக்ரோலில் பேர் இருந்தால் லைன் வீடு, ஆஸ்பத்திரி, கம்பளி. பேர் இல்லையென்றால் எதுவும் இல்லை.

இந்த வசதிகளுக்கெல்லாம் அடிப்படையாக இருந்தது 1951-ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம். அதை முழுசாக ஒருமுறை உட்கார்ந்து படித்திருக்கிறேன். நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. ஐம்பது பெண் தொழிலாளர்கள் இருந்தால் பிள்ளை மடுவம் வைக்க வேண்டும், ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் படிக்க வசதி செய்ய வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். ஆனால் "குடும்பம்" என்றால் யார் யார் என்று சொல்லுகிற இடத்தில் 18 வயது நிறையாத பிள்ளைகள் என்று ஒரு கோடு போட்டிருந்தார்கள். பதினெட்டு முடிந்தால் பிள்ளை தானே உழைத்துக்கொள்வான் என்பது எழுதியவர்களின் கணக்கு. அந்தக் கணக்கில் என் தம்பி வரவில்லை. 18 வயதில் பள்ளிக்கும் வெளியே, சட்டம் சொன்ன குடும்பத்துக்கும் வெளியே! இந்தச் சட்டத்தைப் பின்னாளில், 2020-இல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஒன்று தன்னுள் இழுத்துக்கொண்டது. ஆனால் என் தம்பி வளர்ந்தது பழைய சட்டத்தின் நிழலில்தான்.

பிரசவத்தின்போது மூச்சுத் திணறிப் பிறந்தவன் அவன். இரண்டு வயது வரை உட்காரவில்லை. தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் சங்கமான உபாசி, 1893-இல் தொடங்கியது, இன்றும் குன்னூரில்தான் தலைமையகம். அவர்கள் 1971-இல் தோட்டங்களில் ஒரு விரிவான தொழிலாளர் நலத் திட்டம் ஆரம்பித்தார்கள். தொழிலாளர்களிலிருந்தே சிலரை லிங்க் ஒர்க்கர் என்று தேர்ந்தெடுத்து, வீடு வீடாகத் தாய் சேய் நலம் விசாரிக்கச் சொன்னார்கள். எங்கள் லைனிலும் அப்படி ஒரு அக்கா இருந்தார். "புள்ள லேட்டா வளருது, டாக்டர்ட்ட காட்டுங்க" என்று முதன்முதலில் அம்மாவிடம் சொன்னது அவர்தான். மற்றவர்கள் எல்லாம் சொன்னது "சாமி குத்தம்".

இப்போது மலையை விட்டுக் கொஞ்சம் வெளியே போவோம்.

நம் நாட்டில் இத்தகைய பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி வந்த கதையில் முதலில் சொல்லப்படுவதும் ஒரு தேயிலை மலைதான் என்பது தற்செயலா தெரியவில்லை. டார்ஜிலிங் பக்கத்துக் கர்சியாங்கில் 1918-இல் ஒரு பள்ளி தொடங்கியதாகப் பாடநூல்கள் சொல்கின்றன. 1944-இல் பம்பாயில் வக்கீல் தம்பதியர் தங்கள் மகளுக்காகத் தங்கள் வீட்டிலேயே ஒரு பள்ளி நடத்தினார்கள். அதுதான் இன்று ஜெய் வக்கீல் என்று பெயர் பெற்ற பெரிய நிறுவனம். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் கில்ட் ஆஃப் சர்வீஸ் 1953-இல் பால விஹாரைத் தொடங்கியது. மத்திய அரசு செகந்திராபாத்தில் தேசிய நிறுவனம் ஒன்றை 1984-இல்தான் ஏற்படுத்தியது. பெற்றோரும் நல்ல மனசுள்ள பெண்மணிகளும் முதலில் போனார்கள், அரசாங்கம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தது. இது நம் நாட்டில் மட்டுமல்ல, போன இடத்திலெல்லாம் இதுதான் கதை.

ஆனால் இவை எல்லாமே பிள்ளைகளுக்கு. பிள்ளை எப்போதும் பிள்ளையாகவே இருக்கும் என்ற நினைப்பு. நாற்பது வயது ஆளைக்கூட "குழந்தை மாதிரி" என்று சொல்லி அன்பாகவே அவனுடைய வாழ்க்கையைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுகிறோம். எங்கள் அம்மாவும் அப்படித்தான். நானும்தான்.

இந்த நினைப்பை முதலில் உடைத்தவர்கள் டென்மார்க், ஸ்வீடன் நாட்டுக்காரர்கள். ஸ்வீடனைச் சேர்ந்த பெங்ட் நீர்யே என்பவர் 1969-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் சொன்னது ரொம்பச் சாதாரணமான விஷயம். மற்ற எல்லாருக்கும் இருப்பதுபோல் இவர்களுக்கும் ஒரு நாளின் ஒழுங்கு, ஒரு வாரத்தின் ஒழுங்கு, ஒரு வருடத்தின் ஒழுங்கு வேண்டும். தூங்குவது ஓரிடம், வேலை செய்வது வேறிடம், ஓய்வு இன்னோரிடம். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் எஸ்டேட் சங்குதான் ஞாபகம் வந்தது. சங்கு ஊதினால் லைன் முழுக்க எழுந்து போகும், என் தம்பி மட்டும் திண்ணையில். ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் லீவு. எதிலிருந்து லீவு என்று அவனுக்குத் தெரியாது, ஏனென்றால் திங்கட்கிழமையே அவனுக்குக் கிடையாது.

அமெரிக்காவில் 1984-இல் மேடலின் வில் என்ற அம்மையார் (மத்திய அரசின் சிறப்புக் கல்வித் துறைப் பொறுப்பில் இருந்தவர், தாமே டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு மகனின் தாய்) பள்ளியிலிருந்து வேலை வாழ்க்கைக்குப் போகும் கட்டத்தை ஒரு பாலம் என்று எழுதினார். 1990-இல் அது சட்டமானது. 16 வயதுக்குள் பிள்ளைக்கு ஒரு மாற்றத் திட்டம் எழுத வேண்டும், பள்ளி முடிந்தபின் எங்கே வேலை, எங்கே குடியிருப்பு, எப்படிப் பஸ் ஏறுவது எல்லாம் அதில் வர வேண்டும். நம்ம ஊரில் அப்போது அப்படி ஒரு வார்த்தைகூட இல்லை.

நான் இன்ஜினியர் என்பதால் என்னை ஆட்டிப் படைத்தது வேறொரு ஆள். மார்க் கோல்ட் என்று பெயர், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1972-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி இது. காப்பகப் பட்டறைகளில் இருந்த 64 பேரை எடுத்துக்கொண்டார். இவர்களால் ஒன்றும் ஆகாது, கவரில் காகிதம் போடத்தான் லாயக்கு என்று எழுதி வைக்கப்பட்டவர்கள். அவர்கள் முன்னால் சைக்கிள் பிரேக் ஒன்றைப் பிரித்துப் போட்டார். 15 பாகம் கொண்டது. அதை மாட்டிப் பழகிய பிறகு 24 பாகம் கொண்ட இன்னொன்று. சைக்கிள் கடை வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பின்சக்கர பிரேக்கைப் பிரித்து மாட்டுவது விளையாட்டு இல்லை.

ஒரு பாதிப் பேருக்கு அவர் ஒரு சின்ன உதவி செய்தார். ஒவ்வொரு பாகத்தையும் வைக்கும்போது ஆளைப் பார்த்து இருக்க வேண்டிய பக்கத்தில் சிவப்புப் பெயின்ட். அவ்வளவுதான். பேசிப் பேசிச் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்தார். ஒரு படியில் ஒருவர் தடுமாறினால் ஆளைக் குற்றம் சொல்லாமல், சொல்லிக்கொடுக்கும் விதத்தை மாற்றினார். "வேறு விதமாகச் செய்து பார்" என்பதுதான் அவருடைய முறைக்கே பெயர். ஏறக்குறைய எல்லாரும் மாட்டக் கற்றுக்கொண்டார்கள். சிவப்புப் பெயின்ட் இருந்தவர்கள் சீக்கிரமாகவே கற்றார்கள்.

இதைப் படித்தவுடன் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ஏனென்றால் இது எங்கள் ஷாப் ஃப்ளோரில் தினசரி நடக்கிற விஷயம். பாகத்தைத் தலைகீழாக வைக்கவே முடியாதபடி ஜிக் செய்வோம். ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ 1961-இல் ஒரு கம்பெனியில் இதை ஆரம்பித்தார். ஸ்விட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் போட வேண்டும், தொழிலாளிகள் அடிக்கடி ஒன்றை மறந்துவிடுவார்கள். ஷிங்கோ சொன்னார், முதலில் இரண்டு ஸ்பிரிங்கையும் ஒரு சின்னத் தட்டில் எடுத்து வை, தட்டில் மிச்சம் இருந்தால் மறந்தது தெரிந்துவிடும். இந்த முறைக்கு அவர் முதலில் வைத்த பெயர் "பாக்கா யோக்கே". பாக்கா என்றால் முட்டாள், முட்டாளால்கூடத் தப்பு செய்ய முடியாத ஏற்பாடு என்று அர்த்தம். 1963-இல் வேறொரு தொழிற்சாலையில் இந்தப் பெயரைக் கேட்டு ஒரு பெண் தொழிலாளி அழுதுவிட்டார். நான் அவ்வளவு முட்டாளா என்று கேட்டார். அதன் பிறகுதான் "போக்கா யோக்கே" என்று பெயர் மாறியது, அதாவது கவனப் பிசகைத் தடுப்பது. குவாலிட்டி வகுப்பில் இந்தப் பெயரை நாம் எல்லாரும் மனப்பாடம் செய்தோம், இந்தப் பெண்ணைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

நம் கல்லூரிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நான் மூன்றாம் வருடம் படிக்கும்போது கல்லூரி விழாவுக்கு அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆடிட்டோரியத்தில் மைக் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான். எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது என்று தெரியாமல் ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப் போனேன். ஃபிட்டிங் செக்‌ஷன் இன்ஸ்ட்ரக்டர் சார் (அவரிடம் ரம்பப் பிளேடை உடைத்துவிட்டுத் திட்டு வாங்காதவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்) ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாளி நிறைய நட்டு போல்ட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் கொட்டினார். எட்டு மில்லி, பத்து மில்லி, பன்னிரண்டு மில்லி எல்லாம் கலந்து கிடந்தது. மூன்று டப்பாவில் மாதிரிக்கு ஒன்று ஒன்று போட்டுக் காட்டினார். விழா முடிந்து நான் திரும்பி வந்தபோது வாளி காலி. ஒன்றுகூடத் தப்பு இல்லை. "இவன் உங்க பேட்ச்சை விடப் பரவாயில்லை" என்றார் சார். நான் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன். மார்க் கோல்டைப் படித்த அன்று ராத்திரிதான் அந்த வாளி ஞாபகத்துக்கு வந்தது.

சரி, நம் தேயிலை மலைகளில் இதை யாராவது செய்தார்களா? நீலகிரியில் தேடி, எனக்குப் பெரிய அளவில் முழுமையான எடுத்துக்காட்டு கிடைத்தது மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொஞ்சம் தெற்கே, மூணாறில். கேரளம் என்றாலும் தோட்டத்தில் பேசுகிற பாஷை பெரும்பாலும் தமிழ்தான். 1991-இல் அங்கே டாடா டீ நிறுவனத்தின் ஆதரவில், ரத்னா கிருஷ்ணகுமார் என்ற அம்மையாரின் முயற்சியில் சிருஷ்டி என்ற நல மையம் தொடங்கியது. என் தம்பி பிறந்த வருடம். தொழிலாளர்களின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு டேர் என்ற பள்ளி. மறுவாழ்வுக் கல்விக்கான வளர்ச்சிச் செயல்பாடுகள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. துணிந்து இறங்கு என்றும் அந்த வார்த்தைக்குப் பொருள்.

பள்ளியோடு நின்றிருந்தால் நான் இதை எழுத மாட்டேன். பள்ளியை முடித்தவர்கள் எங்கே போவார்கள் என்று அவர்கள் கேட்டார்கள், கேட்டுவிட்டு அந்த "எங்கே"யைக் கட்டினார்கள். அதுல்யா என்று கையால் காகிதம் செய்யும் பிரிவு. அரண்யா என்று இயற்கைச் சாயத் துணிப் பிரிவு. நிசர்கா என்று ஸ்ட்ராபெரி பிரிவு. டெலி என்று பேக்கரி. பெரிய கம்பெனியின் தர்மக் கணக்கு என்று சிலர் சொல்லலாம். 2005-இல் டாடா டீ தோட்டங்களைக் கைமாற்றி, தொழிலாளர்களே பெரும்பங்கு வைத்திருக்கும் கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி வந்தது. அப்படி மேலே முதலாளி மாறியும் கீழே இந்தப் பட்டறைகள் நிற்கவில்லை. ஒரு நல்ல மனிதர் போனவுடன் மூடப்படுகிற எத்தனையோ இல்லங்களைப் பார்த்தவன் என்ற முறையில் இதைப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

நானும் தம்பியும் ஒருமுறை மேட்டுப்பாளையம், பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாறு போனோம். சின்னாறு காட்டில் பஸ் நின்றபோது யானை வரும் என்று யாரோ சொல்ல, அவன் மறையூர் வரை ஜன்னலை விடவில்லை. பட்டறையை நான் இன்ஜினியர் கண்ணால் பார்த்தேன். காகிதம் என்பது பழைய ஆபீஸ் காகிதத்தைக் கிழிப்பது, ஊறவைப்பது, கூழாக்குவது, சல்லடையில் அள்ளுவது, அழுத்துவது, உலர்த்துவது. சாயம் என்பது இலை, பட்டை, தோல், வேர், தேயிலைக் கழிவு இவற்றைக் கொதிக்க வைப்பது, துணியை மடிப்பது, கட்டுவது, முக்குவது, பிரிப்பது. ஒவ்வொரு படியும் தனியாக நிற்கும், முடிந்ததா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும். கிழிக்க மட்டுமே வருபவருக்கும் இடம் உண்டு, சாயத்தின் பக்குவம் பார்க்கத் தெரிந்தவருக்கும் இடம் உண்டு. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய துணி ஒன்றுக்கொன்று ஒரே மாதிரி இருக்காது, அங்கே அது குறை இல்லை, அதற்குத்தான் விலை. எங்கள் பம்ப் கம்பெனியில் இரண்டு பாகம் ஒரே மாதிரி இல்லையென்றால் ஸ்கிராப்! வேலையைத் தேர்ந்தெடுத்தவர்கள் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

இதே பெயரில், சம்பந்தமில்லாமல், விழுப்புரம் மாவட்டம் குனமங்கலத்தில் 2013-இல் கார்த்திகேயன் என்பவர் தொடங்கிய சிருஷ்டி கிராமம் இருக்கிறது. அங்கே பெரியவர்கள் சேர்ந்து குடியிருந்து விவசாயம் செய்கிறார்கள். 2017-இல் ஹூப்ளியில் ஆலினா ஆலம் தொடங்கிய மிட்டி கஃபே இன்று பல ஊர்களில் இருக்கிறது, 2023-இல் உச்ச நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே ஒன்று திறந்தார்கள்.

சட்டத்தைப் பற்றி நீட்டாமல் சொல்கிறேன். 1995-ஆம் வருடத்து ஊனமுற்றோர் சட்டம் அரசு வேலையில் 3 சதவீதம் ஒதுக்கியது. பார்வை, செவி, கை கால். மனவளர்ச்சி குன்றியவர்களுக்குப் பூஜ்யம். 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறை, பல்வகைக் குறை உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகு பாதுகாவலரை நியமிக்க மாவட்ட அளவில் குழு, பின்னாளில் ஒரு லட்ச ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீடு. 2016-ஆம் வருடத்துச் சட்டம் ஒதுக்கீட்டை 4 சதவீதமாக்கி, அதில் ஒரு சதவீதத்தில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் எல்லாரையும் சேர்த்தது. ஆனால் இலவசக் கல்வி உரிமை அதிலும் 18 வயது வரைதான். அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது "வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்" என்ற ஏற்பாடு. பாதுகாவலர் தனியாக முடிவெடுக்கக் கூடாது, அந்த நபரோடு சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். காகிதத்தில் படிக்க நன்றாக இருக்கிறது. வீட்டில் அதைச் செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும், சொல்கிறேன்.

மூணாறிலிருந்து வந்தபிறகு, தெரிந்தவர் ஒருவரின் தேயிலை நாற்றுப் பண்ணையில் பேசினேன். நாற்றுப் பை நிரப்புகிற வேலை. பாலிதீன் பைக்குள் கீழே மண்ணும் மணலும் கலந்தது, மேலே கொஞ்சம் வேர் பிடிக்கிற செம்மண், அதன் மேல்தான் இலைத்துண்டை நடுவார்கள். "பாவம், வந்து உக்காரட்டும்" என்றார். உட்கார வேண்டாம் அண்ணே, வேலை கொடுங்கள் என்றேன். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், அந்த வேலையைப் பதினேழு படியாக எழுதினேன். பையின் வாயை விரித்துப் பிடிப்பதுதான் தம்பிக்கு முடியாதது. பி.வி.சி. பைப் துண்டு ஒன்றைச் சாய்வாக அறுத்துக் கொடுத்தேன், பையை அதில் மாட்டினால் தானே விரிந்து நிற்கும். கலவை எதுவரை என்பதற்குப் பைப்பில் சிவப்புக் கோடு. முதல் நாள் நான்கு பை. மூன்றாம் வாரம் ஒரு நாளைக்கு நூற்றுக்கு மேல். இப்போது பண்ணையில் மற்ற அக்காமார்களும் அந்த பைப்பைத்தான் உபயோகிக்கிறார்கள், எனக்கு ராயல்டி ஒன்றும் வரவில்லை.

வேலையைக் கற்பது சுலபம், வேலைக்குப் போய் வருவதுதான் கஷ்டம் என்று அப்புறம் தெரிந்தது. பஸ்ஸில் நான்கு ஸ்டாப். பத்து நாள் கூடவே போனேன், அப்புறம் பின் சீட்டில் தெரியாத மாதிரி உட்கார்ந்தேன், அப்புறம் விட்டேன். ஒரு மழை நாளில் மாறி ஏறி மேட்டுப்பாளையம் வரை இறங்கிவிட்டான். அம்மா அன்றைக்கு என்னோடு பேசவில்லை. "உன் பரிட்சைக்கு என் புள்ளையா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை. ஒரு வாரம் கழித்து அவனே பஸ் வளைவில் போய் நின்றான். இந்தத் தடவை பஸ் நின்றது.

வங்கிக் கணக்கு இன்னொரு கதை. ஒரு வங்கியில் கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்குக் கணக்கு எதற்கு என்று கேட்டார்கள். பாதுகாவலர் சான்றிதழ் வாங்கிய பிறகு வேறொரு வங்கியில் முடிந்தது. முதல் சம்பளத்தில் அவன் டார்ச் லைட் கேட்டான். அம்மாவுக்கு அதைப் போஸ்ட் ஆபீஸில் போட வேண்டும். நானும் அம்மா பக்கம்தான் பேசினேன், சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று சட்டம் படித்த நானே! இரண்டு நாள் சண்டை. கடைசியில் குன்னூர் மார்க்கெட்டில் அவனே போய் பேரம் பேசாமல் வாங்கி வந்தான். எதற்கு என்று அன்று சாயங்காலம் தெரிந்தது. பஸ் இறங்கும் வளைவிலிருந்து லைன் வரை விளக்குக் கிடையாது, நவம்பர் மாதப் பனியில் அஞ்சு மணிக்கே ஒன்றும் தெரியாது.

இன்னும் தீராதது வீடு. அப்பாவுக்கு அடுத்த வருடம் ஓய்வு. செக்ரோலில் பேர் போனால் லைன் வீட்டையும் விட வேண்டும். நான் கோயம்புத்தூரில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கிறேன், எல்லாரும் வந்துவிடுங்கள் என்று சொன்னேன். அப்பா சரி என்றார், அம்மா சரி என்றார். தம்பி "பை யாரு போடுவா?" என்று கேட்டான். வாரத்தில் ஐந்து நாள் வேலை, பஸ் ஓட்டுகிற அண்ணன்மார் எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், டீக்கடையில் கணக்கு உண்டு. கோயம்புத்தூரில் அவன் மறுபடியும் திண்ணையில் உட்கார வேண்டும்.

அதனால் இப்போது பண்ணைக்கு நடக்கிற தூரத்தில் ஒரு வீடு தேடுகிறோம். அப்பா அம்மா இருக்கும்வரை அவர்களோடு, அதன்பின் அவனும் அவனைப் போன்ற இன்னும் இரண்டு பேரும், கூட ஒருவர் துணையாக. அப்படி இரண்டு குடும்பங்கள் குன்னூர் பக்கத்திலேயே கிடைத்திருக்கிறார்கள், இரண்டு பேருடைய பிள்ளைகளும் பள்ளி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறார்கள். பார்த்த மூன்று வீட்டில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஆட்களைப் பார்த்தவுடன் வாடகைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது வீட்டுக்காரம்மா யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார், நம் கல்லூரியில் அவருடைய மகளும் படித்ததாம், எந்த பேட்ச் என்று கேட்க மறந்துவிட்டேன். ரீயூனியன் அன்று தம்பியும் வருவான். ஆடிட்டோரியத்துக்கு வர மாட்டான். ஒர்க்‌ஷாப்பைத் திறந்து வைக்க முடியுமா என்று இன்ஸ்ட்ரக்டர் சாரிடம் போனில் கேட்டேன். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிவிட்டது, சாவி தன்னிடம் இல்லை, ஆனால் யாரிடம் இருக்கிறது என்று தெரியும் என்றார்.